பொய் அலறல்

பக்கத்துத் தெருவில் இருபத்திரண்டு சவரன் போன வாரம்
கொளத்தூரில் எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசினார்கள்.
நான் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

இம்தியாஸ் மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தான்.
"ஆள் வந்து மாட்டணும்னா ரெண்டாயிரம் தனி.
நீங்களே மாட்டிக்கலாம் மேடம்,
ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரிஞ்சா போதும்."
தெரியும். இருபது வருஷமாக
எங்கள் வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டுவது நான்தான்.

மூன்றையும் வாங்கினேன். ஒன்றை வைத்துக்கொண்டு
இரண்டைத் திருப்பிவிடும் கணக்கு.
ஏழு நாள் கெடு, பெட்டி கிழியக் கூடாது.

முதலாவது காந்தம்.
கதவில் ஒரு துண்டு, நிலையில் ஒரு துண்டு,
பிரிந்தால் அலறும்.
ஐப்பசி மழையில் கதவு ஊதி
நிலையோடு சேராமல் ஒரு விரல் தள்ளி நின்றது.
விடியற்காலை இரண்டரைக்கு
மேல் வீட்டு குணவதி அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

இரண்டாவது உடல் சூட்டைப் பார்ப்பது.
வளர்ப்புப் பிராணிகளைக் கண்டுகொள்ளாதாம், பெட்டியில் போட்டிருக்கிறது.
எங்களிடம் பிராணி இல்லை, திரைச்சீலைதான்.
மதிய வெயில் ஏறி அது லேசாக அசைந்தால் திருடன்.
கரண்ட் போய் வந்தால்
எந்த ஊர் என்று தெரியாத ஆங்கிலத்தில்
ஒரு பெண் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள்.

மூன்றாவது கேமரா. வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல்,
சோடா மூடி அளவு கண்.
பகலில் நிறம் உண்டு. இரவில் எல்லோரும் பேய்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
விலை, பேட்டரி, மழை, பொய் அலறல்.
காந்தம் நான்கு முறை. சூடு பதினொன்று.
கேமராவுக்கு எத்தனை என்று எண்ணத்தான்
பழைய பதிவுகளைத் திறந்தேன்.

பால் பாக்கெட் பையன். பூனை.
சிலிண்டரைக் காலால் உருட்டிக்கொண்டு ஒருவர்.
வீடு மாறி வந்த பிரியாணி.
திங்கள், இரவு ஒன்பது பதினெட்டு: மதியழகன்.

என் கணவர். அம்பத்தூர் கம்பெனியிலிருந்து வருகிறார்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
சாவி கையில் இருக்கிறது, போடவில்லை.
எங்கள் கதவைப் பார்த்தபடி நிற்கிறார்,
ஆறு நிமிடம் நாற்பது நொடி.
பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்து,
ஒரு சிரிப்பைப் போட்டுப் பார்க்கிறார்.
சரியாக வந்ததும் சாவி.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
தட்டு வைக்கும்போது எதிரில் இருக்கும்.

செவ்வாய் ஐந்து நிமிடம். புதன் எட்டு.
வியாழன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
கம்பெனியா, கடனா, நானா?
கேமராவில் ஒலியும் உண்டு. ஒன்றும் பேசவில்லை.
புதன்கிழமை மட்டும் "சரி" என்கிறார்,
கதவிடம்.

நோட்டில் இதற்குப் பத்தி போடவில்லை.

வெள்ளி. ஏழாம் நாள். ஒன்பது இருபது.
போனுக்குள் கறுப்பு வெள்ளையில் வந்து நின்றார்.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்.
நடுவில் ஒன்றரை அங்குல வேங்கை மரம்.
மூன்றாம் நிமிடம் தாங்கவில்லை, திறந்தேன்.

காந்தத்தைச் சாயங்காலமே முடுக்கிவைத்தது
நினைவில் இல்லை.

அப்படி ஓர் அலறல். கீழே நாய். மாடிப்படியில் துடைப்பம்.
நான்கு இலக்க எண், எனக்கு மறந்துபோச்சு.
"கல்யாண வருஷம் போட்டுப் பாரு!"
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.
இல்லை. வண்டி நம்பரும் இல்லை.
என் விரலை ஒதுக்கிவிட்டு அவரே அழுத்தினார்,
எங்கள் முதல் வாடகை வீட்டின் கதவு எண்ணை,
முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து.
நின்றது.

"ஒண்ணுமில்லக்கா" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
துடைப்பம் மேலே போனது.

"எப்போலேருந்து தெரியும்?"
"மத்தியானத்துலேருந்து."

ஹெல்மெட்டைக் கழற்றினார்.
சிரிப்பை இன்னும் போட்டிருக்கவில்லை.
"உள்ள வாங்க" என்றேன், "மழை சாரல் அடிக்குது."